மெடிசி சொத்து புளோரன்சை விட்டு வெளியேறாதது எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் மெடிசி குடும்பத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. வங்கித் தொழிலில் பணம் சேர்த்தார்கள், புளோரன்ஸ் நகரை ஆண்டார்கள், போத்திச்செல்லியையும் மைக்கேலாஞ்சலோவையும் வளர்த்தார்கள், மறுமலர்ச்சி பிறந்தது என்று நான்கு வரியில் மூன்று நூற்றாண்டுகள் முடிந்துவிடுகின்றன. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் படங்களும் சிலைகளும் நூல்களும் இன்றும் ஏன் புளோரன்சிலேயே இருக்கின்றன என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. விடை 1737 அக்டோபர் 31 அன்று வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. அதை எழுத வைத்த அன்னா மரியா லூயிசா என்ற பெண்மணியின் பெயரைத் தமிழ் வாசகர்கள் கேள்விப்படுவதே அரிது. இந்தக் குடும்பத்தின் பணம், ஆட்சி, கலை மூன்றும் எந்த ஏற்பாட்டில் இயங்கின, எங்கே உடைந்தன என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் சில திருத்தங்கள். புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை மெடிசிகள் கட்டவில்லை. 1420 முதல் 1436 வரை புருனெல்லெஸ்கி எழுப்பிய அந்தக் கட்டடத்தைப் பேராலயத் திருப்பணிக் குழு மேற்பார்வையிட்டது. அந்தக் குழு கம்பளி வணிகர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையும் மெடிசி பணத்தில் வந்ததன்று. 1501-இல் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டபோது மெடிசிகள் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1504-இல் அரசு மாளிகையின் வாசலில் நிறுத்தியபோது, மெடிசிகள் இல்லாத குடியரசின் சின்னமாகவே மக்கள் அதைப் பார்த்தார்கள்.

போத்திச்செல்லியின் 'வசந்தம்' ஓவியத்தை, மூத்த கிளையின் தலைவராக 1492 வரை புளோரன்சை நடத்திய 'மகத்தான' லொரென்சோவின் கணக்கில் எழுதுவது அடுத்த பிழை. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்த சொத்துப் பட்டியலில் அது இளைய கிளையைச் சேர்ந்த லொரென்சோ தி பியர்பிரான்செஸ்கோவின் வீட்டில் இருக்கிறது. இரு கிளைகளுக்கும் இடையே நல்லுறவு இல்லை. 1494-இல் மூத்த கிளை விரட்டப்பட்டபோது இளைய கிளை குடியரசின் பக்கம் சேர்ந்து, தன் குடும்பப் பெயரைக்கூட மாற்றிக்கொண்டது. பிற்காலத்தில் பெருங்கோமகன்களாக (கிராண்ட் டியூக்) ஆண்டவர்கள் இந்த இளைய கிளையின் வழி வந்தவர்கள்தாம்.

உச்செல்லோ வரைந்த 'சான் ரொமானோ போர்' என்ற மூன்று பெரிய பலகை ஓவியங்களும் மெடிசி ஆதரவுக்கு உதாரணமாகக் காட்டப்படுவதுண்டு. அவற்றை வரையச் சொன்னது பார்தொலினி சலிம்பேனி குடும்பம். லொரென்சோ தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அவற்றைத் தன் மாளிகைக்கு எடுத்துக்கொண்டார். இது ஆவணங்களின் துணையோடு நிறுவப்பட்ட செய்தி. இப்போது ஒன்று புளோரன்சிலும் ஒன்று லண்டனிலும் ஒன்று பாரிசிலும் இருக்கின்றன.

663,755 ஃப்ளோரின் என்ற தொகையும் அடிக்கடி கண்ணில் படும். 1434 முதல் 1471 வரை குடும்பம் செலவிட்டதாக லொரென்சோவே குறித்து வைத்த தொகை இது. சுமார் மூன்றரை கிராம் தங்கம் கொண்ட நாணயத்தில் ஆறரை லட்சத்துக்கும் மேல் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதை 'கலைக்குச் செலவிட்ட பணம்' என்று எழுதுவது தவறு. தருமம், கட்டடம், வரி மூன்றையும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. வரியும் தருமமும் அதில் இருப்பதை மறந்து மொத்தத்தையும் கலைக்கணக்கில் சேர்த்தால் கொடை பல மடங்கு பெருத்துத் தெரியும்.

இனி பணத்தின் கதை. ஜொவான்னி தி பிச்சி 1397-இல் புளோரன்சில் வங்கியைத் தொடங்கினார். வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது. எனவே ஆதாயம் மாற்றுச்சீட்டின் வழியே வந்தது. கணக்கு எப்படி ஓடும் என்பதை ஒரு கற்பனை எண்ணால் காட்டலாம். புளோரன்சில் ஒரு வணிகருக்கு 1,000 ஃப்ளோரின் தேவை. வங்கி அதைக் கொடுத்து, லண்டனில் 90 நாள் கழித்து ஆங்கிலக் காசில் திருப்பித் தரவேண்டிய சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும். புளோரன்சில் ஒரு ஃப்ளோரினுக்கு 40 பென்ஸ் விலை என்றால் லண்டனில் வந்து சேர்வது 40,000 பென்ஸ். லண்டனில் ஃப்ளோரினின் விலை வழக்கமாகச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 37½ பென்ஸாக இருக்கும். அங்கே அந்தக் காசை வேறொருவருக்குக் கொடுத்து, புளோரன்சில் பணம் வரும்படி எதிர்ச்சீட்டு எழுதினால் 1,066 ஃப்ளோரினுக்குச் சற்று மேல் கிடைக்கும். போக 90 நாள், வர 90 நாள். அரை ஆண்டில் ஆறரை விழுக்காட்டுக்கும் மேல் லாபம். வட்டி என்ற சொல் எந்தத் தாளிலும் வராது. லண்டன் விலை 40-ஐத் தாண்டிவிட்டால் வங்கிக்குத்தான் நட்டம். அந்த நட்ட வாய்ப்பு இருந்ததால்தான் பல இறையியலாளர்கள் இதைக் கடன் என்று சொல்லாமல் நாணயமாற்று என்று ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் இருபது ஆண்டுகளில் லாபத்தில் பாதிக்கு மேல் ரோம் கிளையிலிருந்து வந்தது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து திருத்தந்தைக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அந்தக் கிளையுடையது. அரசியலில் இந்தக் குடும்பம் பின்னால் திருத்தந்தை பதவிவரை ஏறியதற்கு அடிப்படை இங்கே போடப்பட்டது.

கிளைகளை அமைத்த விதம்தான் இந்த வங்கியின் உண்மையான சாமர்த்தியம். ஒவ்வொரு கிளையும் தனித்தனிக் கூட்டு நிறுவனம். 1455-இல் புரூஜ் கிளைக்கு எழுதிய ஒப்பந்தத்தைப் பாருங்கள். மூலதனம் 3,000 குரோட் பவுண்டு (அந்தப் பகுதியின் நாணயக் கணக்கு). மெடிசி தரப்பு 1,900, பிக்லி என்ற பங்காளி 600, கிளையை நடத்தப்போகும் ஆஞ்சலோ தானி 500. லாபத்தில் தானிக்கு ஐந்தில் ஒரு பங்கு. போட்ட முதலோ ஆறில் ஒன்றுதான். அந்த வித்தியாசமே அவருடைய உழைப்புக்குக் கூலி. ஊர் ஊராகப் போய் மேற்பார்க்க முடியாத காலத்தில், நிர்வாகியின் சொந்தப் பணமும் கிளையில் மாட்டிக்கொண்டிருப்பதே கண்காணிப்பு. கோமகன்களுக்கும் ஆயர்களுக்கும் கடன் கொடுக்கக்கூடாது, நல்ல பெயருள்ள வணிகர்களுக்கும் கைவினை முதலாளிகளுக்கும் மட்டுமே கொடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் அதே ஒப்பந்தத்தில் உண்டு. தனித்தனி நிறுவனம் என்ற ஏற்பாடு ஏட்டளவில் நிற்கவில்லை. லண்டன் கிளை விற்ற ஒன்பது கம்பளிப் பொதிகள் சரியாகக் கட்டப்படவில்லை என்று ஒருவர் புரூஜ் கிளைமீது வழக்குப் போட்டபோது, லண்டன் வேறு, புரூஜ் வேறு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வங்கி சரிந்ததும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததால்தான். லொரென்சோவின் காலத்தில் புரூஜை நடத்திய தொம்மாசோ போர்தினாரி, பர்கண்டியின் கோமகன் 'துணிச்சல்' சார்லசுக்குப் பெருந்தொகைகளைக் கடனாகக் கொடுத்தார். 1477 ஜனவரியில் அந்தக் கோமகன் நான்சிப் போரில் மாண்டார். பணமும் அவரோடு போயிற்று. லண்டனில் நான்காம் எட்வர்டுக்குக் கடன் கொடுக்காமல் கம்பளி ஏற்றுமதிக்கு உரிமம் கிடைக்காது. கம்பளி இல்லாமல் கிளைக்குப் பிழைப்பில்லை. மறுக்கவும் முடியாத, கொடுத்தால் திரும்பவும் வராத கடன் அது. எல்லாக் கிளைகளுக்கும் மேலே இருந்த பொது மேலாளர் பிரான்செஸ்கோ சசெத்தி, நிர்வாகிகளைக் கண்டிக்கத் தயங்கினார். லொரென்சோவுக்குக் கணக்கேட்டில் ஆர்வம் குறைவு. 1494-இல் குடும்பம் விரட்டப்பட்டபோது வங்கி ஏற்கெனவே கூடாகத்தான் இருந்தது.

இந்தத் தோல்வியாளர்கள்தாம் சில அருமையான ஓவியங்களுக்குக் காரணமானவர்கள் என்பதைக் கலை வரலாறு படிப்பவர்கள் கவனிக்கவேண்டும். போர்தினாரி, ஹூகோ வான் டெர் கூஸிடம் வரையச் சொல்லி 1483-இல் புளோரன்சுக்கு வந்து சேர்ந்த பீட ஓவியம் இன்று புளோரன்சின் உஃபீசி கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் எண்ணெய் வண்ணத்தையும் இடையர்களின் முகங்களையும் கண்டு புளோரன்ஸ் ஓவியர்கள் கற்றுக்கொண்டது அதிகம். சசெத்தியின் சிற்றாலயம் சாந்தா திரினிதா கோவிலில். கிர்லாந்தாயோ அதன் சுவரில் லொரென்சோவையும் சசெத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வரைந்திருக்கிறார். ஆஞ்சலோ தானி மெம்லிங்கிடம் வரைவித்த 'இறுதித் தீர்ப்பு' புளோரன்சுக்கு வரவே இல்லை. 1473-இல் அதை ஏற்றி வந்த கப்பலை டான்சிக் நகரத்துக் கடலோடி பால் பெனெக்கே கைப்பற்றினார். அந்த ஊர் இன்றைய போலந்தின் கதான்ஸ்க். ஓவியம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆட்சியைப் பிடித்த விதம் வங்கியைவிட நுட்பமானது. புளோரன்ஸ் ஒரு குடியரசு. ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஆக ஆண்டுக்கு 54 இடங்கள். தகுதியுள்ளவர்களை முன்கூட்டியே வாக்கெடுத்துத் தேர்ந்து, பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பைகளில் போட்டு வைப்பார்கள். உரிய நாளில் பையிலிருந்து சீட்டை எடுப்பார்கள். வரிபாக்கி உள்ளவர், அண்மையில் பதவியில் இருந்தவர், அப்படிப்பட்டவரின் நெருங்கிய உறவினர் ஆகியோரின் பெயர் வந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த சீட்டு. யாரும் நிலையாக உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

1433-இல் நாடு கடத்தப்பட்ட, வங்கி நிறுவனர் ஜொவான்னியின் மகன் கோசிமோ 1434-இல் திரும்பி வந்ததும் இந்தச் சட்டத்தை ஒழிக்கவில்லை. பைகளில் பெயர்களைப் போடும் சிறு குழுவான அக்கொப்பியத்தோரியைத் தன் ஆட்களால் நிரப்பினார். அவசர நிலை என்று சொல்லி, பையில் மிகச் சில பெயர்களை மட்டும் விட்டுவைக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத் தரப்பட்டது. சீட்டுக் குலுக்கல் வழக்கம்போல நடந்தது. யார் வந்தாலும் வேண்டியவரே வந்தார். கோசிமோ தலைமைப் பதவியில் நேராக உட்கார்ந்தது மிகக் குறைந்த காலமே. நகரத்தார் அவ்வப்போது முறுக்கிக்கொண்டு பழைய குலுக்கலைத் திரும்பக் கேட்டார்கள், மெடிசி தரப்பு கொடுக்கவும் செய்தது, மறுபடி பறித்தது. 1458-இல் நூற்றுவர் மன்றம், 1480-இல் எழுபதின்மர் மன்றம் என்று ஒவ்வொரு நெருக்கடிக்கும் பிறகு வட்டம் சிறுத்தது. 1478 ஏப்ரல் 26 அன்று பேராலயத்துக்குள்ளேயே லொரென்சோவின் தம்பி ஜூலியானோ குத்திக் கொல்லப்பட்டதற்கு வங்கிப் போட்டியும் திருத்தந்தையின் பகையும் காரணங்கள்தாம். ஆனால் வாக்கால் அகற்ற வழியில்லாத ஆட்சி என்பதும் சேர்ந்தே கத்தியை எடுக்க வைத்தது. சட்டத்தின் எழுத்தைத் தொடாமல் அதன் உயிரை எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் ஐரோப்பிய வரலாற்றில் கிடைப்பது கடினம். மெடிசி அரசியலின் எச்சம் என்று எதையாவது முதலில் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

அதற்குப் பின் வந்த அரசர் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1512-இல் மீண்டும் நுழைவு; 1513-இல் பத்தாம் லியோ, 1523-இல் ஏழாம் கிளெமென்ட் என்று இரண்டு திருத்தந்தைகள்; 1532-இல் அலெசாந்த்ரோ கோமகன்; 1537-இல் அவர் கொல்லப்பட்டதும் இளைய கிளையின் முதலாம் கோசிமோ; 1569-இல் அவருக்குப் பெருங்கோமகன் பட்டம். இவர்களின் கலைப்பணியில் நிலைத்து நின்றவை பெரும்பாலும் நிறுவனங்கள். முதலாம் கோசிமோ அரசு அலுவலகங்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர 1560-இல் கட்டடக் கலைஞர் வசாரியைக் கொண்டு எழுப்பத் தொடங்கிய கட்டடமே உஃபீசி. 1581-இல் அவர் மகன் மேல்தளத்தைக் கலைக்கூடமாக்கினார். 1588-இல் முதலாம் பெர்தினாந்தோ நிறுவிய, வண்ணக் கற்களைப் பதித்து வேலைப்பாடு செய்யும் பட்டறை இன்று உலகின் முன்னணி ஓவிய, சிற்பச் சீரமைப்பு நிலையங்களில் ஒன்று. அதே பெர்தினாந்தோ லிவோர்னோ துறைமுகத்தில் யூதர்களும் பிற நாட்டு வணிகர்களும் அச்சமின்றிக் குடியேற 1590-களில் உரிமைச் சாசனம் தந்தார். 1600-இல் மரியா தே மெடிசியின் திருமண விழாவில் பீத்தி அரண்மனையில் நடந்த 'யூரிடிசி', முழு இசையும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஓபரா. பின்னாளில் வந்த இன்னொரு பெர்தினாந்தோ, மூன்றாம் கோசிமோவின் மகனான இளவரசரின் ஊழியத்தில் இருந்த கிறிஸ்தோஃபொரி செய்த கருவி 1700-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது. அதுவே பியானோவின் தொடக்கம்.

சேர்த்த பொருள் எவ்வளவு எளிதில் சிதறும் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. லொரென்சோ இறந்த 1492-இல் எடுத்த பட்டியலில் ஒரு பழங்கால மணிக்கல் கிண்ணத்துக்கு 10,000 ஃப்ளோரின் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைக்கொம்பன் விலங்கின் கொம்பு என்று நம்பப்பட்ட ஒரு கொம்புக்கு 6,000. உச்செல்லோவின் மூன்று போர் ஓவியங்களும் அதே அறையில் இருந்த வேறு மூன்றும் சேர்த்து 300 மட்டுமே. அன்றைக்கு ஓவியம் மலிவு, கல் விலை உயர்வு. இரண்டே ஆண்டில் மாளிகை சூறையாடப்பட்டது. மிஞ்சியவற்றைக் குடியரசு ஏலம் விட்டது. தொனத்தெல்லோவின் யூதித் சிலை அரசு மாளிகைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, கொடுங்கோலருக்கு எச்சரிக்கை என்ற பொருளில் 1495-ஆம் ஆண்டைப் பொறித்த புதிய வாசகத்தோடு நிறுத்தப்பட்டது. அந்தக் கிண்ணம் பிற்பாடு குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. பின் கோமகன் அலெசாந்த்ரோவின் விதவை மார்கரெட் மறுமணம் செய்து பர்னேசே குடும்பத்துக்குப் போனபோது அவரோடு போயிற்று. 1731-இல் பார்மாவை ஆண்ட பர்னேசே குடும்பத்தின் ஆண்வழி அற்றுப்போக, தாய்வழி உரிமையால் வாரிசான போர்போன் இளவரசர் சார்லஸ் 1734-இல் நேபிள்சைப் பிடித்து, பார்மாவில் இருந்த கருவூலத்தை அங்கே நகர்த்தினார். லொரென்சோவின் கிண்ணம் 'பர்னேசே கிண்ணம்' என்ற பெயரோடு இப்போது நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருமணமும் வாரிசுரிமையும் போதும், ஊரின் செல்வம் இன்னோர் ஊருக்குப் போய்விடும்.

1737 ஜூலை 9 அன்று கடைசிப் பெருங்கோமகன் ஜன் கஸ்தோனே பிள்ளையில்லாமல் இறந்தார். பார்மாவுக்கு நேர்ந்தது புளோரன்சுக்கும் நேரவிருந்தது. வல்லரசுகள் அதற்கு முன்பே, புளோரன்சைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனி நாட்டை லொரைன் நாட்டுப் பிரான்சிசுக்குக் கொடுப்பதாகத் தங்களுக்குள் முடிவு செய்திருந்தன. அவர் ஹாப்ஸ்பர்க் இளவரசி மரியா தெரேசாவின் கணவர், வாழ்வது வியன்னாவில். நாடு அவருக்குப் போய்விட்டது. ஆனால் அசையும் சொத்து குடும்பத்தின் சொந்தப் பொருள். அதற்கு வாரிசு இறந்தவரின் அக்கா அன்னா மரியா லூயிசா. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவருக்கு வயது 70. ஜெர்மானிய இளவரசர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு ட்யூசல்டோர்ஃபில் இருந்து, விதவையாகி 1717-இல் பிறந்த ஊர் திரும்பியவர். அரசியல் அதிகாரம் எதுவும் அவர் கையில் இல்லை. கையில் இருந்தது பிரான்சிசுக்குத் தேவைப்பட்ட ஒரே பொருள்: சொத்தின்மீதான உரிமை.

குடும்ப உடன்படிக்கை என்று அழைக்கப்படும் அந்த ஆவணத்தின் மூன்றாம் பிரிவு சொல்வது இதுதான். கலைக்கூடங்கள், ஓவியங்கள், சிலைகள், நூலகங்கள், நகைகள், மற்ற விலையுயர்ந்த பொருள்கள், அரண்மனைச் சிற்றாலயத்தின் புனிதப் பண்டங்கள் அனைத்தையும் அவர் பிரான்சிசுக்கும் அவருக்குப் பின் வரும் பெருங்கோமகன்களுக்கும் கொடுக்கிறார். ஒரு நிபந்தனை: அரசுக்கு அணியாகவும், பொதுமக்களுக்குப் பயனாகவும், வெளிநாட்டாரின் ஆர்வத்தை ஈர்ப்பதாகவும் உள்ள எதையும் தலைநகரை விட்டோ நாட்டை விட்டோ கொண்டுபோகக்கூடாது.

சட்டம் தெரிந்தவர்கள் இந்த வாசகத்தை மெதுவாகப் படிக்கவேண்டும். உயில் எழுதாமல் உயிரோடிருக்கும்போதே உடன்படிக்கை செய்தார். உயிலை அடுத்தவர் மறுக்கலாம். தானே கையெழுத்திட்டுப் பொருளை வாங்கிக்கொண்டவர் நிபந்தனையை மறுப்பது கடினம். பொருளைப் பிரான்சிஸ் என்ற ஆளுக்குக் கொடுக்காமல் தஸ்கனியின் ஆட்சிப் பதவியோடு கட்டிவிட்டார். 1745-இல் பிரான்சிஸ் பேரரசராகி வியன்னாவிலேயே தங்கிவிட்டபோதும் கலைக்கூடம் அவரைப் பின்தொடர்ந்து போகவில்லை. ஏன் இருக்கவேண்டும் என்ற காரணத்தையும் அந்த வரியிலேயே எழுதிவைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஓர் அரச குடும்பத்தின் சொந்தப் பொருளுக்கு 'பொதுமக்களின் பயன்' என்று ஒரு நோக்கத்தைச் சட்ட ஆவணத்தில் ஏற்றியது பெரிய காரியம். 1769-இல் லொரைன் வழிவந்த பியெத்ரோ லெயொபோல்தோ உஃபீசியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது இந்த வரியின் இயல்பான தொடர்ச்சி.

ஓட்டை இல்லாமல் இல்லை. நிபந்தனை, 'அணியாகவும் பயனாகவும் ஈர்ப்பாகவும் உள்ள' பொருளுக்குத்தான். எது அப்படிப்பட்டது, எது அப்படிப்பட்டதன்று என்று முடிவுசெய்வது யார்? அதை ஆவணம் சொல்லவில்லை. நகைகள் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றும், 137 காரட் எடையுள்ள மஞ்சள் வைரம் வியன்னாவுக்குப் போய்விட்டது. பழைய படைக்கலக் கூடத்தை லொரைன் ஆட்சியாளர்களே கலைத்தார்கள். அழகான சட்டகத்தில் மாட்டிய ஓவியம் தப்பித்தது. உருக்கக்கூடியதும் பெயர்த்து விற்கக்கூடியதும் தப்பவில்லை. உடன்படிக்கையைப் புகழும்போது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, வட இத்தாலியின் மாந்துவா நகரம் இருக்கிறது. கொன்சாகா குடும்பம் 1328-இல் அந்த நகரைக் கைப்பற்றி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு ஆண்டது. ஓவியர் மான்தேஞ்ஞாவைச் சம்பளத்துக்கு அமர்த்தியபோது மாதம் 15 டியூக்கட் (பொற்காசு), வீடு, ஆறு பேருக்குப் போதுமான தானியம், விறகு என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட இசபெல்லா தெஸ்தே 1503-இல் ஓவியர் பெருஜீனோவுக்கு 100 டியூக்கட் பேசி, எந்த உருவம் எங்கே நிற்கவேண்டும் என்பதையே எழுதி அனுப்பி, 'குறைக்கலாம், சொந்தமாக எதையும் சேர்க்கக்கூடாது' என்று கட்டளையிட்டார். 1505-இல் படம் வந்ததும், எண்ணெய் வண்ணத்தில் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று குறைப்பட்டார். மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபேயோ' 1607-இல் அரங்கேறியதும் இந்த அரண்மனையில்தான். ரூபன்ஸின் பரிந்துரையால் கரவாஜ்ஜோவின் 'கன்னி மரியின் மரணம்' ஓவியத்தை வாங்கியதும் இவர்கள்தாம்.

பட்டு, கம்பளித் தொழில்கள் நலிந்து, கடன் ஏறி, 1627-இல் கோமகன் இரண்டாம் வின்சென்சோ தொகுப்பின் பெரும்பகுதியை இங்கிலாந்தின் முதலாம் சார்லசுக்கு விற்றார். வெனிசில் இருந்த டேனியல் நைஸ் என்ற வணிகர் பேரத்தை மறைவாக நடத்தினார். செய்தி தெரிந்தபோது நகரம் கொதித்தது. அதற்குப் பயன் இல்லை. பொருள் கோமகனின் தனிச்சொத்து, விற்பதைத் தடுக்க எந்தத் தாளும் இல்லை. அடுத்த ஆண்டு, புதிய கோமகன் கார்லோ மான்தேஞ்ஞாவின் 'சீசரின் வெற்றி ஊர்வலங்கள்' ஒன்பது திரைகளையும் விற்றார். இசபெல்லாவின் தனியறை ஓவியங்கள் பிரான்சின் கர்தினால் ரிஷ்லியூவுக்குப் போய், இன்று லூவரில் இருக்கின்றன. இங்கிலாந்துக்குக் கப்பலில் போன ஓவியங்களுக்கு வழியிலேயே கேடு வந்தது. அதே கப்பலில் உலர்திராட்சையும் பாதரசச் சரக்கும் ஏற்றியிருந்தார்கள். பாதரச ஆவி பட்டுப் பல படங்கள் கறுத்துப்போயின. லண்டனில் அவற்றைத் துடைத்துச் சரிசெய்ய முயன்றார்கள். முழுவதும் மீட்க முடியவில்லை. 1630 ஜூலை 18 அன்று பேரரசுப் படைகள் மாந்துவாவுக்குள் புகுந்து மிஞ்சியதைச் சூறையாடின. 1649-இல் சார்லஸின் தலை விழுந்த பிறகு அவருடைய தொகுப்பும் ஏலத்துக்கு வந்து மாட்ரிட், பாரிஸ், வியன்னா என்று பிரிந்தது.

மாந்துவாவில் இன்று பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் சுவரோவியம்தான். மான்தேஞ்ஞா 1465 முதல் 1474 வரை வரைந்த 'மணமக்கள் அறை', ஜூலியோ ரொமானோ 'தே' என்ற அரண்மனையில் வரைந்த 'அரக்கர் அறை' ஆகியவை நிற்கக் காரணம், சுவரைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதே. ஊர்வலத் திரைகள் போய்ச் சேர்ந்த இடம் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. எஸ்தே குடும்பத்தின் கதையும் இதே போக்குத்தான். 1598-இல் பெராரா நகரைத் திருத்தந்தையிடம் இழந்து மொதேனாவுக்கு நகர்ந்தபோது அவர்களின் சிறந்த ஓவியங்கள் ஒரு கர்தினாலின் கைக்குப் போயின. எஞ்சியதில் 100 ஓவியங்களை 1740-களில் ஒரு லட்சம் பொற்காசுக்குச் சாக்சனி ஆட்சியாளருக்கு விற்றார்கள். கொரெஜ்ஜோவின் 'புனித இரவு' டிரெஸ்டனில் இருப்பது அதனால்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய குடும்பங்களைப் பற்றி இனி வெளியிடும் கட்டுரைகளில், ஒவ்வொரு படைப்பின் படத்துக்கும் அடியில் மூன்று செய்திகளைத் தாருங்கள்: வரையச் சொன்னவர் யார், பணம் கொடுத்தவர் யார், இப்போது இருக்கும் இடத்துக்கு அது எந்த வழியில் வந்தது. விற்பனையா, சீதனமா, பறிமுதலா, சூறையா, உடன்படிக்கையா என்று ஒரே சொல்லில் எழுதினாலும் போதும். ஊர்பினோ வீனஸ் ஓவியத்தின் கீழே 'தித்சியானோ, உஃபீசி' என்று மட்டும் போட்டால் வாசகர் அதையும் மெடிசி வரைவித்தது என்றே நினைப்பார். அது ஊர்பினோ கோமகனின் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்திலிருந்து மெடிசி குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட வித்தோரியா தெல்லா ரோவெரே வாரிசாகக் கொண்டுவந்த சொத்தோடு 1631-இல் புளோரன்ஸ் சேர்ந்தது என்று ஒரு வரி சேர்த்தால் கதையே மாறிவிடும்.

அன்னா மரியா லூயிசா 1743 பிப்ரவரி 18 அன்று காலமானார். அந்த நாளில் புளோரன்ஸ் நகராட்சி தன் அருங்காட்சியகங்களைக் கட்டணமின்றித் திறந்துவிடுகிறது. 'மகத்தான' லொரென்சோவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பகுதியையாவது, வரும் பிப்ரவரியில் மூன்றாம் பிரிவின் முழு வாசகத்தோடு இவருக்கு ஒதுக்கினால் வாசகர்கள் பயன்பெறுவார்கள்.

இப்படிக்கு,
இத்தாலியக் கலை வரலாறு பயிலும் வாசகர்கள்